அரிய பெண்பெயர் ஒன்றின் வேரையும் பரவலையும் கண்டறிவது எப்படி: ‘குந்தவை’யை முன்வைத்து

என் தங்கை தன் மகளுக்குக் ‘குந்தவை’ என்று பெயரிட விரும்பியபோது இரண்டு கேள்விகளை என்னிடம் கேட்டாள். இந்தப் பெயருக்குப் பொருள் என்ன? இதை இன்று எத்தனை பேர் வைத்திருக்கிறார்கள்? பெயர்ப் பட்டியல் நூல்களும் கைப்பேசிச் செயலிகளும் முதல் கேள்விக்கு ஒரே வரியில் விடை சொல்லிவிடுகின்றன; அந்த விடை எந்தச் சான்றிலிருந்து வந்தது என்பதை அவை சொல்வதில்லை. இரண்டாவது கேள்விக்கு அவை விடையே தருவதில்லை. அவளுக்காக நான் தேடியபோது கைக்கொண்ட வழிமுறையை இங்கே எழுதுகிறேன். அரிய பெண்பெயர் எதற்கும் இது பொருந்தும். ஆனால், ஒரே பெயரைத் தொடக்கம் முதல் இறுதி வரை பின்தொடர்ந்தால்தான் வழிமுறை விளங்கும் என்பதால் குந்தவையை விட்டு நான் அகலப்போவதில்லை.

இந்த வழிமுறையின் அடிப்படை எளிது. அகராதியைக் கடைசியில் திறக்க வேண்டும். பெயரைத் தாங்கி வாழ்ந்தவர்கள் யார், எந்த ஊரில், எந்த ஆண்டில், எந்த எழுத்து வடிவில் அதைத் தாங்கினார்கள் என்பதை முதலில் அறிய வேண்டும்.

வடிவத்தை முதலில் உறுதிசெய்தல்

ஒரு தாளில் அந்தப் பெயர் வரக்கூடிய எழுத்து வடிவங்கள் அனைத்தையும் எழுதிக்கொள்ளுங்கள். குந்தவை, குந்தவ்வை, குந்தவையார், குந்தவைப் பிராட்டியார் ஆகியவை ஒரே பெயரின் தோற்றங்கள். குந்தவி என்பது அவற்றோடு ஒட்டியதுபோல் தோன்றினாலும், அதன் வரலாறு வேறாக இருக்கக்கூடும் என்பதால் அதைத் தனிப் பத்தியில் எழுதுங்கள்.

கல்வெட்டுகளில் மெய்யெழுத்துக்குரிய புள்ளி பெரும்பாலும் இடப்படுவதில்லை. எனவே ‘குந்தவ்வை’ என்ற பெயர் கல்லில் ‘குநதவவை’ என்றே நிற்கும். அதை அச்சுக்குக் கொண்டுவரும் பதிப்பாசிரியர்தான் புள்ளிகளைச் சேர்க்கிறார். வகர எழுத்து ஒருமுறை வருகிறதா, இருமுறை வருகிறதா என்று எண்ணிப் பார்ப்பது சிறிய வேலைதான். ஆயினும் இந்தப் பெயரின் வேரைத் திறக்கும் சாவி அந்த இரட்டை வகரத்தில்தான் இருக்கிறது என்பதைப் பின்னர் காண்போம்.

அடுத்து, பெயரோடு ஒட்டிய மதிப்புச் சொற்களைக் கழிக்க வேண்டும். நங்கை, தேவியார், மகாதேவியார், பிராட்டியார், ஆழ்வார், நாச்சியார் என்பவை சோழர் காலத்து அரசகுலப் பெண்டிரின் பெயர்களைச் சூழ்ந்து வருவன. அவற்றைப் பெயரின் பகுதியாகக் கொண்டு பொருள் தேடினால் வழி தவறும். மதிப்புச் சொற்கள் போனபின் பெரும்பாலும் இரண்டு சொற்கள் எஞ்சும். அவற்றுள் முதலில் நிற்பது தந்தையின் பெயர், இரண்டாவதாக நிற்பது அந்தப் பெண்ணின் பெயர். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள் முதலாம் இராசராசனின் தமக்கையை ‘ஆழ்வார் பராந்தகன் குந்தவைப் பிராட்டியார்’ என்று குறிக்கின்றன. இதில் பராந்தகன் என்பது அவருடைய தந்தை சுந்தர சோழனின் பெயர். அவனே இரண்டாம் பராந்தகன். இந்த ஒழுங்கை அறிந்துகொண்டவர், கல்வெட்டில் வரும் பெண் யாருடைய மகள் என்பதைப் பெயரிலிருந்தே படித்துவிடலாம்.

தாங்கியவர்களை ஆண்டு வரிசையில் நிறுத்துதல்

இதுவே நீண்ட வேலை; பொறுமையும் இதற்கே அதிகம் வேண்டும். இடைக்காலத் தமிழகப் பெயர் ஒன்றைத் தேடுவோர் மூன்று வகை நூல்களைக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். முதலாவது, 1890 முதல் வெளிவரும் ‘தென்னிந்தியக் கல்வெட்டுகள்’ தொகுதிகள். இவற்றுள் இரண்டாம் தொகுதி பெரும்பாலும் தஞ்சைப் பெரிய கோயிலுக்கு உரியது. இரண்டாவது, நொபோரு கராசிமா, எ. சுப்பராயலு, தோரு மட்சுயி ஆகிய மூவரும் தொகுத்து 1978இல் மதுரையிலிருந்து வெளியான சோழர் கல்வெட்டுப் பெயர்களின் அடைவு. மூன்று தொகுதிகளாக அமைந்த அந்த நூலில், ஒரு பெயர் எந்தெந்தக் கல்வெட்டுகளில் வருகிறது என்பதை அகர வரிசையில் பார்க்க முடியும். பெயராய்வுக்கு இதைவிடப் பயனுள்ள கருவி ஒன்றை நான் கண்டதில்லை. மூன்றாவது, செப்பேட்டுப் பதிப்புகள். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் கல்வெட்டு நூல்கள் பலவற்றைக் கட்டணமின்றிப் படிக்கலாம்.

இவற்றிலிருந்து கிடைக்கும் ஒவ்வொரு குறிப்பையும் ஒரு வரியாக எழுதுங்கள்: ஆண்டு, ஊர், தந்தை, கணவர், எழுத்து வடிவம். குந்தவைக்கு இவ்வாறு எழுதியபோது என் குறிப்பேடு எனக்குக் காட்டியவை நான் எதிர்பார்த்தவை அல்ல.

குந்தவை சோழர் உருவாக்கிய பெயர் என்றே பலரும் எண்ணுகிறோம். ஆனால் சோழப் பேரரசு எழுவதற்கு முன்பே, ஒன்பதாம் நூற்றாண்டில், கன்னட நாட்டின் தென்பகுதியை ஆண்ட கங்கர் குலத்து அரசன் முதலாம் பிருதிவீபதியின் மகள் ஒருத்தி வாணர் குலத்து அரசனை மணந்தாள். வட ஆர்க்காட்டுப் பகுதியிலுள்ள திருவல்லத்துக் கல்வெட்டில் அவள் பெயர் ‘குந்தவ்வை’ என்று வருகிறது. திருப்புறம்பியப் போரில் உயிர்நீத்த அதே பிருதிவீபதிதான் இவன். சோழர் குடும்பத்துக்குள் இந்தப் பெயர் அரிஞ்சய சோழனின் தேவியருள் ஒருவரான ‘வீமன் குந்தவையார்’ வழியாகத் தெரியவருகிறது. பெயர் ஒழுங்கின்படி அவர் வீமன் என்பவனின் மகள். அந்த வீமன், ஆந்திரக் கடலோரத்து வேங்கி நாட்டை ஆண்ட கீழைச் சாளுக்கிய அரசனாக இருக்கலாம் என்று கருதிய அறிஞர்கள் உண்டு. எப்படிப் பார்த்தாலும், மருமகளாக வந்த ஒரு பெண்ணோடு இந்தப் பெயர் சோழர் அரண்மனைக்குள் நுழைந்திருக்கிறது.

அதன் பின்னர் வருபவரே நாம் அனைவரும் அறிந்த குந்தவை: அரிஞ்சயனின் பேர்த்தி, சுந்தர சோழனின் மகள், இராசராசனின் தமக்கை, வல்லவரையர் வந்தியத்தேவரின் தேவி. ‘நாம் குடுத்தனவும் நம் அக்கன் குடுத்தனவும் நம் பெண்டுகள் குடுத்தனவும்’ என்று தஞ்சைக் கல்வெட்டில் இராசராசன் தன் கொடைக்கு அடுத்த இடத்தில் வைத்துப் பேசும் அக்கன் இவரே. தன் தேவியருக்கும் முன்னதாக அக்கனை நிறுத்திய அந்தச் சொல்வரிசையை எத்தனை முறை படித்தாலும் எனக்கு நெகிழ்ச்சி குறைவதில்லை. திண்டிவனத்தை அடுத்த தாதாபுரத்தில் அவர் எடுத்த குந்தவை விண்ணகர் என்ற திருமால் கோயிலும், போளூரை அடுத்த திருமலையில் உள்ள குந்தவை ஜினாலயம் என்ற சமணக் கோயிலும் அவர் பெயரைத் தாங்கின. கோயில்களுக்கும் ஊர்களுக்கும் கல்லூரிகளுக்கும் இடப்பட்ட பெயர்களை ஆள்பெயர்க் கணக்கில் சேர்க்கக் கூடாது. அவை ஒருவருடைய புகழைக் காட்டுமே தவிர, பெயரின் பரவலைக் காட்ட மாட்டா.

இராசராசன் தன் மகளுக்கும் குந்தவை என்றே பெயரிட்டான். அந்த இளைய குந்தவை வேங்கி நாட்டு விமலாதித்தனை மணந்து, பின்னாளில் தெலுங்குப் புலவர் நன்னயரை ஆதரித்த இராசராச நரேந்திரனைப் பெற்றாள். இங்கே ஒரு பொறி இருக்கிறது. சிதம்பரத்தில் 1114ஆம் ஆண்டைச் சேர்ந்த கல்வெட்டு ஒன்று ‘இராசராசன் குந்தவை’ என்ற பெண்ணைக் குறிக்கிறது. பெயரை மட்டும் பார்ப்பவர் அவளை முதலாம் இராசராசனின் மகள் என்று எழுதிவிடுவார். ஆனால் இராசராசன் இறந்து நூறு ஆண்டுகள் கழிந்த காலம் அது. கல்வெட்டின்படி அவள் முதலாம் குலோத்துங்கனின் தங்கை; குலோத்துங்கனோ இராசராச நரேந்திரனின் மகன். எனவே அவள் பெயருக்கு முன் நிற்கும் இராசராசன், வேங்கியின் இராசராச நரேந்திரன். ஆண்டு, ஊர், உறவு மூன்றையும் சேர்த்து எழுதச் சொன்னது இதற்காகத்தான்.

இந்த வரிசையை உறவு மரமாக வரைந்து பாருங்கள். சிதம்பரத்துக் குந்தவை தன் தந்தையைப் பெற்ற பாட்டியின் பெயரைத் தாங்குகிறாள். அவளுடைய தந்தை தன் தாய்வழிப் பாட்டனான இராசராசனின் பெயரைத் தாங்குகிறான். பேரன், பேர்த்தி என்று நாம் வழங்கும் சொற்கள் பெயரன், பெயர்த்தி என்பவற்றின் திரிபு. பாட்டன் பாட்டியின் பெயரைத் தாங்குபவர் என்பதே அவற்றின் பொருள். அரிய பெயர் ஒன்று இருநூறு ஆண்டுகள் மறையாமல் இருந்ததற்குக் காரணம் தேடினால் இந்த வழக்கத்தில்தான் போய் நிற்கிறோம். உங்கள் குடும்பத்துப் பழைய பெயர் ஒன்றின் வேரைத் தேடும்போதும் முதலில் ஒரு தலைமுறையை விட்டுவிட்டு, பாட்டி, பூட்டி ஆகியோரின் பெயர்களைக் கேளுங்கள்.

அரண்மனைக்கு வெளியே ஒரு பெயர் வழங்கியதா என்று அறியவும் தஞ்சைக் கல்வெட்டு உதவும். பல ஊர்க் கோயில்களிலிருந்து கொண்டுவந்து குடியமர்த்தப்பட்ட 400 தளிச்சேரிப் பெண்டுகளின் (கோயிலில் ஆடல் பாடல் பணி செய்த பெண்களின்) பெயர்கள், அவர்கள் வந்த கோயிலோடு, வீடு வீடாக அதில் எழுதப்பட்டிருக்கின்றன. சேரமங்கை, எடுத்தபாதம் போன்ற பெயர்களை அங்கே காணலாம். அரசகுலம் சாராத பெண்கள் இத்தனை பேரின் பெயர்களை ஒரே காலத்தில், ஒரே இடத்தில் தரும் ஆவணம் அந்தக் காலத்துக்கு மிக அரிது என்பதால், எந்த இடைக்காலப் பெண்பெயரை ஆராய்ந்தாலும் இந்தப் பட்டியலை ஒருமுறை முழுதாகப் படித்துவிடுவது நல்லது.

பெயரைப் பிரித்தல்

இப்போதுதான் அகராதிக்கு வர வேண்டும். வந்தபின்னும் முழுப் பெயரைத் தேடாமல், பெயரின் ஈற்றைத் தேட வேண்டும். குந்தவ்வை என்ற பழைய வடிவத்தின் ஈற்றில் நிற்பது ‘அவ்வை’ என்பது தெளிவு. தமிழில் அவ்வை தாயையும் மூதாட்டியையும் குறிக்கும். ஔவை என்று நாம் போற்றும் பெயரும் அதுவே. கன்னடத்தில் அவ்வெ, அவ்வ என்பன தாயைக் குறிக்கும். தெலுங்கில் அவ்வ பாட்டியைக் குறிக்கும். பழங்கன்னட நாட்டில் பெண்பெயர்களின் ஈறாக ‘அவ்வெ’, ‘அப்பெ’ ஆகியவை மிகப் பரவலாக வழங்கின. கன்னடப் புலவர் ரன்னனைப் புரந்த அத்திமப்பெயின் பெயர் அதற்குச் சான்று. இத்தகைய ஒப்பீட்டுக்குப் பரோ, எமனோ இருவரும் தொகுத்த திராவிடச் சொற்பிறப்பியல் அகராதியும், சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதியும் போதுமானவை.

ஈற்றைப் பிரித்தது சரிதானா என்று சோதிக்க ஒரு வழி உண்டு: அதே முதற்பகுதி வேறொரு ஈற்றோடு வருகிறதா என்று தேடுங்கள். கங்க அரசன் ஸ்ரீபுருஷனின் காலத்தில், கி.பி. 776இல் எழுதப்பட்ட தேவரஹள்ளிச் செப்பேட்டில் ‘குந்தாச்சி’ என்ற அரசகுலப் பெண் வருகிறாள். சமணக் கோயில் ஒன்றை எடுப்பித்தவள் அவள். குந்தவ்வையில் அவ்வை நிற்கும் இடத்தில் குந்தாச்சியில் அச்சி அல்லது ஆச்சி நிற்கிறது. எனவே ‘குந்த’ என்பது தனிப் பகுதி என்பது உறுதியாகிறது. இரண்டு பெயர்களுமே கங்கர் தொடர்புடையவை என்பதையும் சேர்த்துப் பார்க்கும்போது, இந்தப் பெயர் கங்க நாட்டுப் பக்கமிருந்து கிழக்கே வந்தது என்று கருதுவதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

‘குந்த’ என்பதன் பொருளில்தான் கவனம் மிக வேண்டும். வடமொழியில் ‘குந்த’ என்று, ‘பந்து’ என்பதில் வருவதுபோல் மெலிந்த தகரத்தோடு ஒலித்தால் மல்லிகை வகை ஒன்றைக் குறிக்கும். பற்களுக்கு உவமையாகக் காவியங்களில் வரும் வெண்ணிற மலர் அது. ‘பத்து’ என்பதில் வருவதுபோல் வல்லின ஒலியோடு வரும் மற்றொரு சொல் ஈட்டியைக் குறிக்கும். தமிழிலும் குந்தம் என்ற படைக்கருவி உண்டு. தமிழ் எழுத்தில் இரண்டையும் ஒரே மாதிரிதான் எழுத முடியும். வடமொழிச் செப்பேடுகள் இளைய குந்தவையின் பெயரை மெலிந்த ஒலியோடு எழுதுகின்றன என்று காட்டி மல்லிகையே பொருள் என வாதிடலாம். ஆனால் நகரத்தை அடுத்து வரும் தகரம் தமிழ்ப் பேச்சில் இயல்பாகவே மெலியும் என்பதால் அந்த வாதம் முழு வலிமை பெறாது. பெண்பெயருக்கு மலர்ப்பெயர் இயைபுடையது, தாயைக் குறிக்கும் ஈறு உறுதியானது என்ற அளவில் ‘மல்லிகை அன்னை’ என்ற பொருளை நான் ஏற்கிறேன். என் தங்கைக்கும் அவ்வாறே எழுதிக் கொடுத்தேன். பெயரின் பின்பகுதிக்குரிய பொருள் உறுதி, முன்பகுதிக்குரியது தகுந்த ஊகம் என்று பிரித்தே எழுதினேன். பெயரின் பொருளை மற்றவருக்குச் சொல்பவர் இந்த இரண்டையும் பிரித்துச் சொல்லக் கடமைப்பட்டவர்.

எத்தனை பேர் என்று அறிதல்

இன்றைய பரவலை அறிய விரும்புவோர், அதை வளர்த்த காரணங்களின் காலக்கோட்டை முதலில் வரைந்துகொள்ள வேண்டும். ‘குந்தவி’ என்ற வடிவம், 1940களின் தொடக்கத்தில் வெளிவந்த கல்கியின் ‘பார்த்திபன் கனவு’ தொடரில் நரசிம்ம பல்லவனின் மகளாக வரும் கற்பனைப் பாத்திரத்தால் வீடுகளுக்குப் பரவியது. 1960இல் அந்தக் கதை திரைப்படமாகவும் வந்தது. ‘குந்தவை’யை வரலாற்று நூல்களுக்கு வெளியே கொண்டுவந்தது 1950 முதல் 1954 வரை வெளியான ‘பொன்னியின் செல்வன்’. கல்கியின் எழுத்துகள் 1990களின் இறுதியில் நாட்டுடைமையாக்கப்பட்டபின் பல பதிப்பகங்கள் அந்த நாவலை மலிவு விலையில் அச்சிட்டன. அதன் திரைவடிவம் 2022 செப்டம்பரிலும் 2023 ஏப்ரலிலும் இரண்டு பாகங்களாக வந்தது. இந்தக் காலக்கோட்டைக் கையில் வைத்துக்கொண்டு, கிடைக்கும் ஒவ்வொரு குந்தவையின் பிறந்த ஆண்டையும் அதன்மேல் பொருத்திப் பார்க்க வேண்டும்.

இந்தியாவில் ஆண்டுதோறும் இடப்படும் பெயர்களை எண்ணி வெளியிடும் அரசுப் பட்டியல் இல்லை. பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம் 1969இன்படி பிறப்புகள் பதிவாகின்றன. ஆயினும் குழந்தையின் பெயரின்றியே பதிவு செய்துவிட்டு, 12 மாதங்களுக்குள் கட்டணமின்றியும், அதன்பின் 15 ஆண்டுகள் வரை தாமதக் கட்டணத்துடனும் பெயரைச் சேர்க்கலாம் என்பதால், பதிவேடுகளிலும் பெயர் உடனடியாக இருப்பதில்லை. எனவே நாமே கணக்கெடுக்க வேண்டியிருக்கிறது. அதற்குச் சிறந்த கருவி வாக்காளர் பட்டியல். தமிழ்நாட்டில் அது தமிழிலேயே வெளியாகிறது. ஒவ்வொருவரின் வயதும் அதில் உண்டு. உங்கள் தொகுதியில் சில பாகங்களை எடுத்து, பெயரையும் வயதையும் எண்ணுங்கள். படவடிவில் உள்ள பட்டியல்களில் தேடல் வசதி இயங்காது. கண்ணால்தான் படிக்க வேண்டும். அதில் 18 வயது நிரம்பியவர்கள் மட்டுமே இருப்பதால், திரைப்படத்துக்குப் பின் பிறந்த குழந்தைகள் இந்தக் கணக்கில் வர மாட்டார்கள். எண்ணிக்கையை மட்டும் குறித்துக்கொண்டு, தனியொருவரின் முகவரி, உறவினர் பெயர் ஆகியவற்றை எங்கும் எழுதாதிருப்பது அடிப்படை நேர்மை.

புலம்பெயர்ந்த தமிழரிடையே தேடுவோருக்கு வேறு வசதிகள் உண்டு. அமெரிக்காவின் சமூகப் பாதுகாப்பு நிர்வாகம் 1880 முதலான பிறப்புகளின் பெயர்களை ஆண்டுவாரியாக வெளியிடுகிறது. ஓர் ஆண்டில் ஐந்து குழந்தைகளுக்கேனும் இடப்பட்ட பெயர்தான் அதில் இடம்பெறும். இங்கிலாந்து, வேல்ஸ் பட்டியலுக்கு அந்த எல்லை மூன்று. ஆகவே பட்டியலில் பெயர் இல்லை என்றால் அந்தப் பெயரை யாரும் வைக்கவில்லை என்று பொருளாகாது. மேலும், ‘ந்த’ என்ற ஒலியைத் தமிழ்நாட்டார் ஒருவிதமாகவும் ஈழத்தவர் வேறுவிதமாகவும் ஆங்கில எழுத்துகளில் எழுதுவதால், ஒரே பெயர் மூன்று நான்கு வடிவங்களாகச் சிதறி, ஒவ்வொன்றும் எல்லைக்குக் கீழே போய்விடக்கூடும். எல்லா வடிவங்களையும் தனித்தனியே தேடிக் கூட்டுங்கள். ஈழத்துச் சிறுகதை எழுத்தாளர் ஒருவர் குந்தவை என்ற பெயரிலேயே அறியப்படுகிறார். அது புனைபெயர் என்பதால் இந்தக் கணக்கில் சேராது. இணையத் தேடல் எண்ணிக்கையையும் சேர்க்காதீர்கள். படம் வெளியான வாரத்தில் பெயரைத் தேடியவர்கள் நடிகையையும் கதையையும் தேடினார்கள்.

பெயரைப் பதிவு செய்யும்போது

தேடல் முடிந்து பெயரை இடுவது என்று முடிவானால், குடும்பத்தார் அனைவரும் ஒரே எழுத்து வடிவத்துக்கு உடன்படுவது அவசியம். குந்தவை, குந்தவி இரண்டையும் வீட்டில் மாற்றி மாற்றி அழைப்பதில் தவறில்லை. பதிவேட்டில் ஒன்றே இருக்க வேண்டும். தமிழ்நாட்டுப் பிறப்புச் சான்றிதழில் தமிழ், ஆங்கிலம் இரண்டு வடிவங்களும் வருவதால், அச்சிடும் முன் இரண்டையும் எழுத்தெழுத்தாகச் சரிபாருங்கள். என் தங்கை தேர்ந்தெடுத்தது ஒற்றை வகரம் கொண்ட இராசராசனின் அக்கனது வடிவம். இரட்டை வகர வடிவத்தைத் திருவல்லத்துப் பெண்ணின் ஊர், காலம், தந்தை பெயரோடு ஒரு தாளில் எழுதி, குழந்தையின் சான்றிதழுக்குப் பின்னால் வைத்திருக்கிறாள்.